ஜீரோ போட்ட பள்ளத்தாக்கு

"அங்கதான் திரும்பணும்னு உங்களுக்கு யார் சொன்னது அத்தான்? ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல..."

"திரும்பினது நான். கண்ணை மூடிக்கிட்டது யாரு? நீ! இப்ப என்கிட்ட வந்து..."

"நான் கண்ணை மூடல, ஜீரோ போட்டேன். திரும்பும்போது ஜீரோ போடறதுதான் முறை..."

"அந்த முறையை எழுதினது யாரு? எங்க அப்பாவா?"

"பேச்சை மாத்தாதீங்க!"

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா நான் யாருக்குத் தலையாட்டறது?" என்றார் மெக்கானிக், விமானத்தின் வயிற்றுக்கு அடியிலிருந்து. அவருடைய கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. "ஒருத்தர் முடிச்சப்புறம் ஒருத்தர் ஆரம்பிங்க. எனக்கும் பொழுது போகணும்ல."

ஹேங்கர் என்று பெயர்தான் பெரிது. ஒரு விமானம், ஒரு மேசை, கால் ஆடும் இரண்டு நாற்காலிகள். அவ்வளவுதான், தகரக் கூடம் நிறைந்துவிடும். மேசைமேல் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் காடும், காட்டை ஒட்டிய ஊர்களும். விமானம் போன தடமெல்லாம் புள்ளி புள்ளியாகப் பச்சை. கிழக்கு மூலையில் மட்டும் ஒரு வெள்ளை ஓட்டை, பல் விழுந்த வாய் மாதிரி.

அந்த ஓட்டைக்காகத்தான் சண்டை.

அவளை எல்லாரும் மூக்கி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய மூக்கு சாதாரண மூக்குதான். விமானத்தின் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு அங்கே பொருத்தியிருந்த இயந்திரத்துக்கு மெக்கானிக் 'மூக்கு' என்று பெயர் வைத்தார். அதைக் கட்டி மேய்ப்பவள் மூக்கி ஆகிவிட்டாள். இறக்கைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வெளிக்காற்றை உறிஞ்சும். அதில் என்னென்ன ஆவி எவ்வளவு கலந்திருக்கிறது என்று இயந்திரம் எண்ணாகச் சொல்லும். வெயிலில் மரங்கள் விடும் ஆவி ஒரு ரகம். பெயின்ட், தின்னர், பெட்ரோலிலிருந்து கிளம்புவது வேறு ரகம். மனித மூக்குக்கு இரண்டும் 'ஒரு மாதிரி வாடை'. இயந்திரம் ஆளைப் பிரித்துச் சொல்லிவிடும்; மரம் என்றால் திரையில் பச்சை, மற்றது என்றால் சிவப்பு.

சொல்லவேண்டிய காரியம் ஒன்றும் இருந்தது. கிழக்கே பள்ளத்தாக்கில் இருந்த ஊர்க்காரர்கள், இனிப்பாக ஏதோ வாடை வருகிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தலை வலிக்கிறது என்று எழுதிப்போட்டிருந்தார்கள். விசாரிக்க வந்த அதிகாரி ஒருநாள் காலையில் வந்து, நின்று, மோந்து பார்த்து, மரத்து வாசனைதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அன்றைக்கு ஜலதோஷம் என்று ஊரில் பேச்சு. அதற்குப் பிறகுதான் காட்டு ஆய்வோடு அந்தப் பள்ளத்தாக்கையும் சேர்த்துப் பறந்து பார்த்துவிடலாம் என்று ஆய்வை நடத்தும் மேடம் சொன்னார். மரமா, மனுஷனா? மூக்கு சொல்லட்டும்.

மூக்கு எல்லா இடத்தையும் சொல்லிவிட்டது. அந்த ஒரு இடத்தைத் தவிர.

காரணம் மூக்கி போட்ட சட்டம்தான். கடையில் எடை போடுகிறவர் வெறும் தட்டை வைத்து முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பாரே, அதேபோல இந்த இயந்திரத்துக்கும் அவ்வப்போது வெளிக்காற்றை அடைத்துவிட்டு, சுத்தம் செய்த காற்றைக் காட்டவேண்டும். அதற்குப் பெயர் ஜீரோ. ஜீரோ போடும் சில நிமிடம் இயந்திரத்துக்கு வெளியுலகம் கிடையாது. விமானம் வளைந்து திரும்பும்போது தன் புகையிலேயே தான் போய் விழக்கூடும், அந்த எண்ணை எப்படியும் நம்ப முடியாது. ஆகவே திரும்பும்போதெல்லாம் ஜீரோ போட்டுவிட்டால் நேரம் மிச்சம் என்று கணக்குப் போட்டாள். நேராகப் போனால் அள, திரும்பினால் மூடு. நல்ல சட்டம்தான். ஆனால் விமானம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் திரும்பினால் அந்த இடம் என்றைக்குமே அளக்கப்படாது என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை. நேற்று எல்லாத் தடங்களையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோதுதான் எட்டியது. அப்போதே அவளுக்கு மூக்கில் வேர்த்தது.

"முதல் நாள் கேட்டேன், காத்து எதிர்க்குது, அதான் திரும்பினேன்னீங்க," என்றாள். "அப்புறம் கேட்டப்ப, மலை கிட்டக்க வருதுன்னீங்க. இன்னைக்கு என்ன?"

"வெயில் கண்ணுல அடிக்குது."

"காலையிலயும் சாயங்காலமும் ஒரே பக்கத்துலேர்ந்தா வெயில் அடிக்கும்?"

அத்தான் கைக்கடிகாரத்தைத் துடைத்தார். அவளுடைய அக்காவைக் கட்டியவர். விமானம் ஓட்டுவதில் கெட்டிக்காரர், பேச்சென்று வந்தால் ஊரையே வாயால் ஓட்டுகிறவர். அப்படிப்பட்டவர் இப்படி மென்று விழுங்கினால் அதில் ஏதோ இருக்கிறது.

"மலையைத் தாண்டி நேரா போக முடியாதா?"

"முடியாது. விமானத்துல நான் சொல்றதுதான். கீழ வந்தப்புறம் நீ பேசிக்க."

"சரி, நாளைக்குக் கடைசிப் பறப்பு. மேடம் மேப்பைக் கேட்டாச்சு. இந்த ஓட்டையை நான் என்ன பண்றது?"

"கம்ப்யூட்டர் நிரப்பிடும்னு நீதானே சொன்ன? சுத்திலும் பச்சை. நடுவுலயும் பச்சைன்னு போட்டுக்கும். விடு."

அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டர் நிரப்பிவிடும் என்பது உண்மை. ஓட்டையைச் சுற்றி இருப்பது காடு, காடு பச்சை, ஆகவே பள்ளத்தாக்கும் பச்சை. ஊர்க்கூட்டத்தில் அந்தப் படத்தை மாட்டினால் பிள்ளைகளின் தலைவலிக்கு அன்றோடு மூடுவிழா. இதெல்லாம் அத்தானுக்கு எதற்கு இவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது?

அவர் வெளியே போனார். வாசலுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்று போனில் தணிந்த குரலில் பேசினார். "ஆமா, நாளைக்கும் உண்டு. காலையில கிளம்பினா மதியம் வரைக்கும் மேலதான்."

ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் இப்படி ஒரு போன். யாருக்கு? விமானம் வருகிறது, ஜாக்கிரதை என்று யாருக்குத் தகவல் போகிறது?

மெக்கானிக் சறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். "மூக்கி, நான் சொன்னேன்னு சொல்லாத. உங்க அத்தான் என்கிட்ட பைனாகுலர் வாங்கி வெச்சிருக்கார். பறவை பாக்கணுமாம்."

"அவரா?"

"காக்காவுக்கும் கழுகுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு. நானும் ஏதோ ஞானம் வந்துடுச்சுன்னு குடுத்துட்டேன்."

மதியம் மூக்கி அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தானின் வீடு அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருந்தது, ஊரைத் தாண்டி, மரங்கள் ஆரம்பிக்கும் இடத்தில் தனியாக. அதுவரை அது அவளுக்கு ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. இன்றைக்குத் தோன்றியது.

மணியை அடித்துவிட்டு நின்றாள். உள்ளே ஏதோ இழுபட்டது. தண்ணீர் திறந்து மூடும் சத்தம். பிறகுதான் கதவு.

"நீயா! போன் பண்ணிட்டு வரமாட்டியாடி?"

"என் அக்கா வீட்டுக்கு நான் வர போன் பண்ணணுமா? என்ன, வீடெல்லாம் எலுமிச்சை வாசனை?"

"தரை தொடைச்சேன்."

"தரையையா? உன் கையிலயும்ல வருது."

"கையாலதானே தொடைக்கணும்? உள்ள வந்ததும் மோப்பம் பிடிக்க ஆரம்பிச்சிட்டா. வேலையை ஆபீஸ்லயே கழட்டி வெச்சிட்டு வா."

அனல் வீசும் மதியத்தில் பின்பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கூடத்து சோபாவில் அக்கா மகள் பாப்பா சுருண்டு படுத்திருந்தாள், நெற்றியில் ஈரத்துணி. பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் அனுப்பிவிட்டார்களாம்.

"சித்தி, லைட்டைப் போடாதீங்க," என்றாள் கண்ணைத் திறக்காமலே.

"என்ன கண்ணு, மறுபடியும் தலைவலியா?"

"வெயில்," என்றாள் அக்கா முந்திக்கொண்டு. "தொப்பி போட்டுக்கோன்னா கேக்கறதில்ல. வெயில்தான், வேறென்ன?"

"லீவு நாள்லயும்தான் வலிக்குது," என்றாள் பாப்பா.

"நீ சும்மா படு."

சாப்பாடு போட்டுக்கொண்டே அக்கா பேசினாள். அக்காவுக்கு இப்போது பேச்சு அதிகமாகியிருந்தது. நிறுத்தினால் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று பயப்படுகிறவள் பேசும் பேச்சு. "உங்க அத்தான் இருக்காரே, நான் எது ஆரம்பிச்சாலும் அவருக்குச் சிரிப்பு. தையல் ஆரம்பிச்சேன், சிரிச்சார். கோழி வளத்தேன், கோழியே உன்னைப் பாத்துச் சிரிக்குதுன்னார். எனக்குன்னு ஒண்ணு இருக்கக்கூடாதா? சொல்லு."

"இருக்கலாமே. யாரு வேண்டான்னா?"

"இருக்கலாம்னு நீ சொல்ற. சாதம் போதுமா?"

கை கழுவப் பின்பக்கம் போனவள் அப்படியே நின்றாள். பின்வாசலுக்கு அப்பால், மரங்களின் ஓரமாகப் பழைய கோழிக் கொட்டகை. கதவில் பளபளவென்று புதுப் பூட்டு. கொட்டகைக்கு முன்னால் தரையில் வட்டம் வட்டமாகப் புல் செத்துக் கிடந்தது. சமையல் அண்டாவைவிடப் பெரிய வட்டங்கள். டிரம் வைத்து எடுத்த தடம்.

"அக்கா, கொட்டகைக்கு எதுக்குப் புதுப் பூட்டு?"

அக்கா தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "உங்க அத்தான் சாமான். பிளேன் சாமான் ஏதோ போட்டு வெச்சிருக்கார். நான் அந்தப் பக்கமே போறதில்ல."

மூக்கி ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தாள். போன், பைனாகுலர், நாளுக்கொரு காரணம், இப்போது கொட்டகை. எல்லாம் ஒரே ஆளைக் கைகாட்டின. சொந்த வீட்டுக்குப் பின்னால் எதையோ ஒளித்துவைத்து, சொந்த மகளின் தலைவலியைப் பார்த்துக்கொண்டே, அந்த இடத்துக்கு மேலே வரும்போதெல்லாம் என்னைக் கண்மூட வைக்கிறாரா இந்த மனுஷன்?

கிளம்பும்போது அக்கா இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்து கதவில் பட்டுச் சத்தம் போட்டது. அதில் ஒரு சாவி மற்றவற்றைவிடப் பளபளப்பாக இருந்தது. மூக்கி அதைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர யோசிக்கவில்லை. அவளுக்குத்தான் குற்றவாளி கிடைத்துவிட்டாரே.

மறுநாள் விமானம் ஏறியபோது அவள் முடிவு செய்திருந்தாள். அத்தான் எங்கே வேண்டுமானாலும் திரும்பட்டும். ஜீரோ போடும் வால்வைத் தொடப்போவதில்லை.

காட்டுக்கு மேலே எல்லாம் ஒழுங்காக இருந்தது. வெயில் ஏற ஏற மரங்கள் விடும் ஐசோப்ரீன் எண்ணும் ஏறியது. டொலுயீன் என்ற தின்னர் ஆவியின் எண் தரையோடு தரையாகக் கிடந்தது. ஹெட்செட்டில் அத்தானின் மூச்சு கேட்டது.

"என்ன, இன்னைக்கு ஒண்ணும் பேசக் காணோம்?" என்றார்.

"கீழ வந்தப்புறம்தானே பேசணும்னீங்க."

"ஓ. மனசுல வெச்சிருக்கியா?"

"நீங்க மட்டும் வெச்சிருக்கலாமா?"

மலை வந்தது. இடப்பக்கமாக விமானம் சாய்ந்தது. எப்போதும் இடப்பக்கம்தான். ஏனென்று அவள் கேட்டதில்லை; இப்போது புரிந்தது. ஓட்டுகிறவர் உட்காருவது இடப்பக்கம். அந்தப் பக்கம் சாய்ந்தால் அவர் ஜன்னலுக்கு நேர்கீழே பள்ளத்தாக்கு. அத்தான் ஒரு கையால் பைனாகுலரை எடுப்பது பின்னாலிருந்து தெரிந்தது.

"ஜீரோ போட்டுட்டியா?" என்றார், வழக்கம்போல.

"ம்," என்றாள் மூக்கி. கை மடியில் இருந்தது.

டொலுயீன் எண் எழுந்தது. முதலில் தயங்கி, பிறகு யாரோ பிடித்துத் தூக்கியதுபோல. அவசரப்படாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நம்முடைய புகையாக இருக்கலாம். எஞ்சின் புகை என்றால் டொலுயீன் தனியாக வராது, பென்சீனும் கைகோத்துக்கொண்டு வரும். பென்சீனைப் பார்த்தாள். அது அசையாமல் படுத்துக் கிடந்தது.

எஞ்சின் இல்லை. மரமும் இல்லை. கீழே யாரோ தின்னரைக் கொட்டுகிறார்கள்.

"அத்தான், இன்னொரு சுத்து போங்க."

மறுப்பார், சண்டை போடலாம் என்று வாயைத் தயாராக வைத்திருந்தாள். அவரோ "போறேன்" என்றார் உடனே. அந்த அவசரம் அவளைத் திடுக்கிட வைத்தது. ஒளிக்கிறவன் இப்படியா சரி என்பான்?

விமானம் மறுபடி வளைந்தது. வீட்டுக்கு முன்னால், காற்று வரும் பக்கத்தில், எண் விழுந்தது. வீட்டைத் தாண்டியதும் எழுந்தது. மறுபடி வந்தபோதும் அப்படியே. ஆவி கிளம்பும் இடம் வீடேதான். சந்தேகமே இல்லை.

"நிக்குது பாரு," என்றார் அத்தான். அவருடைய குரல் அவருடையதாக இல்லை. "நான் மேல ஏறின உடனே வந்து நிக்குது."

"எது?"

"நீல வேன்."

"எந்த வேன் அத்தான்?"

"அதைத்தான் நானும் கேக்கணும். உங்க அக்காவைக் கேளு. மதியம் வரைக்கும் வரமாட்டேன்னு நான் போன் பண்ணினா போதும், வேன் வந்துடும். வீட்டுக்குள்ள போறானா பின்னால போறானான்னு இங்கேர்ந்து தெரியல. எத்தனை தடவை திரும்பிப் பாத்தாலும் தெரியல. நான் என்ன பண்ணட்டும்? பொண்டாட்டிகிட்ட போய், விமானத்துலேர்ந்து உன்னைப் பாத்தேன்னு சொல்லட்டுமா?"

இத்தனை நாள் ஒரே வீட்டுக்கு மேலே இரண்டு பேரும் சுற்றியிருக்கிறார்கள். அவர் வேனைப் பார்த்தார், காற்றைப் பார்க்கவில்லை. அவள் அவரைப் பார்த்தாள், கீழே பார்க்கவில்லை.

தரையிறங்கி எஞ்சின் ஓய்ந்ததும் அவள்தான் ஆரம்பித்தாள். "அந்தக் கொட்டகையில இருக்கறது உங்க சாமானா இல்லையா? பொய் சொல்லாதீங்க."

"என் சாமானா? எனக்கு அதுக்குச் சாவியே கிடையாது! திரும்பவும் கோழி வளக்கப் போறேன், நீங்க சிரிப்பீங்க, உள்ள வராதீங்கன்னா. சாவி அவ இடுப்புல இருக்கு."

பளபளத்த சாவி இப்போதுதான் மூக்கியின் கண்முன் வந்தது. எலுமிச்சை வாசனை வந்தது. திறந்து மூடிய தண்ணீர்க் குழாய், சாத்திய ஜன்னல்கள், செத்த புல், நிறுத்தத் தெரியாத பேச்சு, எல்லாம் வரிசையாக வந்தன. அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். ஓட்டை இருந்த இடத்தில் புள்ளிகள் விழுந்திருந்தன. பச்சை இல்லை. சிவப்பு.

"வேன்காரன் உங்க வீட்டுக்கு வர்றது வேற எதுக்கும் இல்ல. டிரம் இறக்கறான். பழைய பெயின்ட் டிரம்மை மறுபடி விக்கறதுக்காகத் தின்னர் ஊத்திக் கழுவறாங்க, கழுவினதைப் பின்னால கொட்டறாங்க. அக்காதான் கழுவறா."

அத்தான் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். விமானத்தின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"டிரம்மா? வெறும் டிரம்மா? நான் ராத்திரியெல்லாம் தூங்காம... டிரம் கழுவறாளா!"

"என்ன சார், லாட்டரி விழுந்துடுச்சா?" என்றார் மெக்கானிக்.

"அதைவிட மேல!"

"அத்தான், சிரிக்காதீங்க."

"சிரிக்காம? என் வயித்துல பால் வாத்திட்ட மூக்கி!"

"பாப்பாவுக்குத் தலைவலி அத்தான்."

சிரிப்பு நின்றது. அவர் முகத்தில் அது இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இறங்கியதும், வேறு ஒன்று மேலே ஏறியது. குரலைத் தாழ்த்தினார்.

"சரி, அவகிட்ட நான் பேசறேன். இன்னைக்கே நிறுத்திடுவா. நீ அந்தச் சிவப்பை மட்டும்... இன்னைக்குத்தானே வந்தது? நேத்து வரைக்கும் அங்க ஓட்டைதானே? ஓட்டையாவே இருக்கட்டும். கம்ப்யூட்டர் நிரப்பிக்கட்டும்."

"நேத்து நீங்க இதையே சொன்னப்ப உங்களைத் திருடன்னு நினைச்சேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு என்னையும் திருட்டுல சேரச் சொல்றீங்க."

"உன் அக்காடி அவ! ஊர்க்கூட்டத்துல அவ பேரை எழுதி மாட்டுவியா?"

"பேரை எழுத மாட்டேன். புள்ளி போதும். அங்க ஒரே ஒரு வீடுதான் இருக்கு."

மெக்கானிக் எதையோ தேடுவதுபோல விமானத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். மூக்கி போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். மேசைமேல் வைத்து, அத்தானுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்னடி இந்த நேரத்துல? இறங்கிட்டீங்களா? மதியம் ஆகும்னாரே?"

"அக்கா, அந்த நீல வேன்ல என்ன வருது?"

அந்தப் பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"எந்த வேன்?"

"நான் மேலேர்ந்து பாத்தேன்க்கா. அத்தான் இங்கதான் இருக்கார். அவரும் பாத்தார்."

"சிரிக்கிறாரா?" என்றாள் அக்கா. முதலில் அதைத்தான் கேட்டாள்.

அத்தான் வாயைத் திறந்தார். மூக்கி கையைக் காட்டி அடக்கினாள்.

"இல்ல. சிரிக்கல."

"சிரிச்சா சிரிக்கட்டும். ஆமா, டிரம் கழுவறேன். நானே ஆள் பிடிச்சேன், நானே பேசி முடிச்சேன். கழுவின டிரம்முல உங்க அத்தான் முகம் பாக்கலாம், அவ்வளவு சுத்தம். யாருக்கும் தெரியாம, யார் கேலியும் இல்லாம, எனக்குன்னு ஒண்ணு நடத்திக்கிட்டிருந்தேன். இது ஒரு தப்பா?"

"கழுவினதை எங்க கொட்டற?"

"பின்னால குழி இருக்கு. அது தண்ணி மாதிரி நிக்காதுடி. ஊத்தினா கொஞ்ச நேரத்துல காஞ்சிடும். ஒரு சொட்டு இருக்காது, எல்லாம் காத்துல போயிடும்."

மூக்கி கண்ணை மூடிக்கொண்டாள். "காத்துல போயி?"

"காத்துல போயி... போயிடும். அவ்வளவுதான்."

"எங்க போகும் அக்கா? காத்துல என்ன போகுதுன்னு பாக்கறதுதானே என் வேலை. உங்க வீட்டுலேர்ந்து கிளம்பி, மரத்துக்கு மேலயா போகுது? காத்தடிக்கிற பக்கம் பள்ளிக்கூடம் இருக்கு."

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே? நான் அதுலயேதானே நிக்கிறேன்?"

"உனக்குத் தலை வலிச்சதே இல்லையா?"

பாப்பாவின் குரல் தூரத்தில் கேட்டது, "அம்மா, துணியை நனைச்சுத் தாயேன்" என்று. அக்கா நகரும் சத்தம். குழாயின் சத்தம். திரும்பி வந்து போனை எடுக்கும்போது அவள் மூச்சு மாறியிருந்தது.

"இப்ப என்ன செய்யப்போற?" என்றாள்.

மேசைமேல் இருந்த போன் அதிர்ந்தது. இன்னொரு அழைப்பு. மேடம். படத்தைக் கேட்பார். ஓட்டை நிரம்பிவிட்டதா, என்ன நிறம் என்று கேட்பார். அத்தான் கையைக் கூப்பாத குறையாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கி லேப்டாப் திரையில் ஓட்டை இருந்த மூலையைப் பார்த்தாள். ஒரு பொத்தானைத் தட்டினால் சிவப்பு போய்விடும். அதைச் செய்யத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"மூக்கி, சொல்லும்மா அவகிட்ட," என்றார் அத்தான் மெதுவாக. "ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு."

"அவதான் சொல்லணும், நான் இல்ல," என்றாள் மூக்கி. மேடத்தின் அழைப்பை எடுக்கவுமில்லை, துண்டிக்கவுமில்லை. போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அக்கா, பாப்பாவுக்குத் தலைவலி வெயில்னாலதான்னு என்கிட்ட இன்னொரு தடவை சொல்லு, நான் பச்சைன்னே போட்டுடறேன்."